கரடிக்கு ஒரு பட்டன்

பதினொரு அடி, ஒரு திருப்பம், மறுபடியும் பதினொரு அடி. அந்தக் கரடியை முதன்முதலாகப் பார்த்தபோது நான் செய்தது கைபேசியில் ஸ்டாப்வாட்ச்சைத் திறந்ததுதான். பத்துச் சுற்று பார்த்தேன். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு நொடிகூட வித்தியாசம் இல்லை. எங்கள் பட்டறையில் செய்கிற மெஷின் இப்படி ஓடினால் வாடிக்கையாளர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போய்விடுவார்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"நான் வேலைக்கு வந்ததுல இருந்து சுத்திகினேதான் இருக்குது மேடம்" என்றார் கரடியைப் பார்த்துக்கொள்பவர். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, அலுவலகத்தில் கன்னடம், என்னோடு தமிழ். ஒரே வாக்கியத்தில் மூன்றும் வரும். "மழை வந்தாலும் சுத்தும், வெயில் வந்தாலும் சுத்தும். அங்க பாருங்க, தரை தேஞ்சு போச்சு."

சிமென்ட் தரையில் அவர் காட்டிய இடத்தில் ஒரு பாதை வழுவழுப்பாகத் தெரிந்தது.

நான் எப்படி அங்கே போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஓசூர் தொழிற்பேட்டையில், கார் உதிரிபாகக் கம்பெனிகளுக்குச் சோதனை மெஷின்கள் செய்து கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்கிறேன். பிஎல்சி புரோகிராம் எழுதுவது என் வேலை. பிஎல்சி என்பது மெஷினின் மூளை. எந்த சென்சார் சொன்னால் எந்த வால்வு திறக்க வேண்டும், எந்தக் கை நீள வேண்டும் என்று அதற்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். முன்பெல்லாம் வாரத்தில் நான்கு நாள் ஏதாவது ஒரு கம்பெனியின் தளத்தில் நின்றுகொண்டிருப்பேன். அந்த வருஷம் ஆர்டர் குறைந்து, முதலாளி என்னை டிசைன் மேஜையில் உட்கார வைத்துவிட்டார். என்னால் உட்கார முடியவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து கம்ப்ரஸர் வரைக்கும் போய்வருவேன். தண்ணீர் குடிப்பேன். எல்லாம் சரியாக இருக்கிற ஒயரைப் பிரித்துத் திரும்பக் கட்டுவேன். வீட்டிலும் அப்படித்தான். பாத்திரம் கழுவி முடித்ததும் துடைத்த மேடையை மறுபடி துடைப்பேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

எல்லை தாண்டி ஒரு சின்ன விலங்குப் பூங்கா. அங்கே டாக்டராக இருக்கும் பெண்ணின் கணவர் எங்கள் வாடிக்கையாளர் கம்பெனி ஒன்றில் இருந்தார். அவர் மூலம்தான் விசாரிப்பு வந்தது. கரடி தானாகவே இயக்கித் தீனி எடுத்துக்கொள்கிற மாதிரி ஒரு மெஷின் வேண்டும். வெளிநாட்டில் செய்கிறார்களாம், இங்கே யாராவது செய்வார்களா?

முதலாளி என் மேஜைக்கு வந்தார். "ஏம்மா, உனக்குத்தான் ஒரு எடத்துல உக்கார முடியலயே. போய் அந்தக் கரடிய பாத்துட்டு வா" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டேன்.

கரடி ஒரு பெட்டை. குட்டியாக இருந்தபோது மலையடிவாரத்தில் ஒரு பாழுங்கிணற்றில் விழுந்து கிடந்ததைத் தூக்கி வந்தார்களாம். காட்டில் வாழத் தெரியாது என்பதால் திரும்ப விடவில்லை. பார்த்துக்கொள்பவர் அதை 'அம்மாயி' என்று கூப்பிடுவார். தெலுங்கில் அது சின்னப் பெண். என் கணவர் ஈரோட்டுப் பக்கம். அவருக்கு அம்மாயி என்றால் அம்மாவின் அம்மா. அன்றைக்கு வீட்டில் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார்.

அந்த நடை ஒரு நோய் மாதிரிதான் என்று டாக்டர் சொன்னார். காட்டில் இருந்தால் கரடி விடிந்ததிலிருந்து எதையாவது தேடிக்கொண்டே இருக்கும். புற்றைத் தோண்டும், மரம் ஏறும், மோப்பம் பிடிக்கும். இங்கே தட்டில் எல்லாம் வந்துவிடுகிறது. மீதி நாள் முழுக்க என்ன செய்வது?

முதல் மெஷின் எளிமையானது. கனமான ஸ்டீல் பெட்டி. அதில் கரடியின் உள்ளங்கை அளவுக்கு ஒரு பச்சைப் பட்டன். அழுத்தினால் உள்ளே ஒரு தட்டு சுழன்று ஒரு களி உருண்டை கீழே விழும். ராகியும் வெல்லமும் சேர்த்துப் பிடித்தது. மூன்று வாரத்தில் செய்து கொண்டுபோய் மாட்டினோம்.

காலையில் மாட்டினோம். மத்தியானத்துக்குள் கற்றுக்கொண்டுவிட்டது. முதலில் முகர்ந்தது, பிறகு நகத்தால் கீறியது, பிறகு சலித்துப்போய்க் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றது. உருண்டை விழுந்தது. அது பெட்டியைப் பார்த்தது, கையைப் பார்த்தது. மறுபடி வைத்தது. முதலாளி அதை வீடியோ எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். நடை நின்றுபோனது. நான் பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் சரிபார்க்கப் போனேன். கரடி பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தது. நாளுக்கு இத்தனை உருண்டை என்று டாக்டர் கணக்கு வைத்திருந்தார். அது பத்து மணிக்கே தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகும் அது அழுத்திக்கொண்டே நின்றது. டப், டப், டப். ஒன்றும் விழவில்லை. மறுபடி டப்.

"முன்னாடி நடந்துகினு இருந்துச்சு. இப்ப நின்னுகினு இருக்குது. அவ்ளோதான் மேடம் வித்தியாசம்" என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை.

அந்த வார்த்தை எனக்கு எங்கேயோ போய்த் தைத்தது. டிப்ளமோ முடித்த புதிதில் இரும்புத் தகட்டை அழுத்தி உதிரிபாகம் செய்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தேன். என் முன்னால் இரண்டு பச்சைப் பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டு அழுத்துவேன். தகடு, அழுத்து, எடு. தகடு, அழுத்து, எடு. தூக்கத்தில்கூட இரண்டு கட்டைவிரலும் ஆடும் என்று ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் சொல்வாள். அதிலிருந்து தப்பிக்கத்தான் ராத்திரியெல்லாம் படித்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதை வைத்து ஒரு கரடியை அதே பிரஸ் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

பெட்டியை அன்றைக்கே கழற்றச் சொன்னேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "நல்லா ஓடுற மெஷின ஏம்மா கழட்டுற?" என்றார். "ஓடுது சார், ஆனா கரடிக்கு ஆகல" என்றேன்.

அதன்பிறகு இரண்டு சனிக்கிழமை வேலியோரம் நின்று பார்த்தேன். நிற்கக்கூட இல்லை, வேலியோரமாக நானும் நடந்துகொண்டிருந்தேன். அது சாப்பிடுவதைக் கவனித்தேன். கரடிக்கு முன்வரிசை மேல்பற்கள் இரண்டு கிடையாது. அந்தச் சந்தின் வழியாக முதலில் 'பூ' என்று ஊதும், தூசி பறக்கும். பிறகு மூக்கை மூடிக்கொண்டு உறிஞ்சும். பழைய ஸ்கூட்டர் கிளம்ப மாட்டாமல் இருமுகிற மாதிரி ஒரு சத்தம். கறையானைத் தின்பதற்கென்றே அமைந்த வாய். அதை வைத்துக்கொண்டு களி உருண்டை தின்னச் சொல்லியிருக்கிறோம்.

இரண்டாவது மெஷினில் பட்டனே இல்லை. சிமென்டில் ஒரு புற்று கட்டினோம். அதில் ஐந்து துளை, ஒவ்வொன்றுக்குள்ளும் வளைந்து போகிற குழாய். குழாயின் அடியில் காற்றழுத்தத்தை அறிகிற சென்சார். கரடி எந்தத் துளையிலாவது ஊதினால், ஏதோ ஒரு துளையின் ஆழத்தில் தேன் கலந்த கூழ் கொஞ்சம் கசியும். எந்தத் துளை என்று எனக்கே தெரியாது. புரோகிராம் ஒவ்வொரு முறையும் மாற்றும். சில முறை எதிலும் வராது. கம்பெனிக்கு எழுதும்போது எது எப்போது நடக்கும் என்று ஒரு துளி சந்தேகம் இருக்கக் கூடாது. முதல்முறையாகச் சந்தேகத்தை எழுதினேன்.

அது நன்றாக இருந்தது. கரடி ஊதும், ஓடிப்போய் அடுத்த துளையை முகரும், திரும்பி வரும், புற்றின்மேல் ஏறி உட்காரும், மறுபடி இறங்கி உறிஞ்சும். அந்த ஸ்கூட்டர் சத்தம் வாசல் வரைக்கும் கேட்கிறது என்று டிக்கெட் கொடுக்கிற பெண் சொன்னார். பார்த்துக்கொள்பவர் என்னை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தது அந்த நாட்களில்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை போன் வந்தது. "அக்கா, சீக்கிரம் வாங்க" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்றிவந்த லாரி ஒன்று மேம்பாலத்தின் கீழ் குறுக்கே நின்று, ஓசூரைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆனது. ஆட்டோவில் உட்கார முடியாமல் இறங்கிப் பாதி வழி நடந்தேன்.

புற்றின் பின்பக்கம், குழாயைப் பிடித்திருக்கிற இரும்புப் பட்டைக்கும் சிமென்டுக்கும் நடுவே ஒரு விரல் அளவு இடைவெளி. கரடி அங்கே தோண்டியிருக்கிறது. நகம் மாட்டிக்கொண்டது. இழுத்ததில் நகம் வேரோடு வந்துவிட்டது. நான் போனபோது டாக்டர் மருந்து கொடுத்துத் தூங்க வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். புற்றின்மேல் ரத்தம் காய்ந்திருந்தது. மெஷினில் கை போகக்கூடிய எந்த இடுக்கையும் மூட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். முன்பக்கம் முழுக்க மூடியிருந்தேன். பின்பக்கம் யார் போகப் போகிறார்கள் என்று விட்டிருந்தேன். வரைபடத்தில் என் கையெழுத்துதான் இருந்தது.

"பின்னால போகும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கத்தினார் அவர். "அது கரடி அக்கா! எல்லா பக்கமும் தோண்டும். அதுக்குத்தானே வெச்சீங்க இத!"

நான் குனிந்து அந்த இடைவெளியில் என் விரலை விட்டுப் பார்த்தேன். சுலபமாகப் போனது.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. டாக்டர் புற்றை மூடிவைக்கச் சொல்லிவிட்டார். அது நியாயம். பட்டறையில் ஒரு பிரேக் கம்பெனியின் ஆர்டர் வந்தது, அதில் மூழ்கிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். துணி எடுக்கப் போகிறேன் என்று போவேன். துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும், சுவரிலிருந்து தொட்டி வரைக்கும் நடப்பேன். ஒருநாள் கணவர் மேலே வந்து கதவருகே நின்று பார்த்தார். எத்தனை சுற்று பார்த்தாரோ.

"கரடிக்குக் கால் எப்படி இருக்குதுன்னு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?" என்றார்.

"என்னன்னு கேக்கறது?"

"கால் எப்படி இருக்குதுன்னு கேளு. வேற என்ன?"

நான் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து போன் அங்கிருந்து வந்தது.

"காயம் ஆறிடுச்சுக்கா" என்றார் பார்த்துக்கொள்பவர். கத்தியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. "ஆனா வேற ஒரு விஷயம். காயம் ஆறுற வரைக்கும் உள்ள ரூம்லயே வெச்சிருந்தோம் இல்ல, அப்பலருந்து ஷட்டரப் போட்டு அடிக்குது. தொறந்து விட்டா வெளிய போவுது. போன உடனே திரும்பி வந்து உள்ள நிக்குது. மூடுனா மறுபடி அடிக்குது. எனக்கு இன்னா வேணும்னு புரியல. அப்புறம் யோசிச்சேன். அதுக்கு வெளியவும் வேணாம், உள்ளவும் வேணாம். கதவுதான் வேணும்."

"கதவுன்னா?"

"அதுவே தொறக்கணும், அதுவே மூடணும். பத்து வருஷமா நான்தானே தொறக்கறேன், நான்தானே மூடறேன்! காலைல நான் லேட்டா வந்தா அது லேட்டாத்தான் வெளிய வரணும். நீங்க பட்டன் போடுவீங்களே, அந்தப் பட்டன அந்தக் கதவுக்குப் போட முடியுமா?"

போனைக் காதில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டேன். இத்தனை நாள் கரடிக்கு எதைக் கொடுப்பது என்றே யோசித்திருக்கிறேன். தீனி, கூழ், தேன். அதற்கு ஒரு விருப்பம் இருக்கும், அதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு காயத்துக்கு அவர் தயாராக இல்லை. நானும் தயாராக இல்லை. ஒரு வாரம் முழுக்க அந்த ஷட்டரைச் சுற்றி என்னென்ன தப்பு நடக்கலாம் என்று அவரும் நானும் உட்கார்ந்து எழுதினோம். உள்ளறை, அதை ஒட்டிய முற்றம், இரண்டையும் சுற்றி வெளிவேலி. வெளிவேலிக்கும் இந்தப் பட்டனுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. ஆட்கள் உள்ளே போகும்போது சாவி போட்டால் பட்டன் செத்துவிடும். ஷட்டர் இறங்கும் வழியில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்த் திரை ஒன்று இருக்கும். அதில் ஒரு விரல் குறுக்கே வந்தாலும் ஷட்டர் அந்த இடத்திலேயே நின்று மேலே போய்விடும். பிரஸ் மெஷினில் தொழிலாளியின் கையைக் காப்பாற்றுவதற்கென்று போடுகிற திரை அது. இந்த முறை எல்லா இடுக்கிலும் என் விரலை விட்டுப் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம், மேலே, அடியில். பார்த்துக்கொள்பவரும் விட்டுப் பார்த்தார்.

பட்டன் பச்சை வேண்டாம் என்றேன். மரக்கட்டையில் ஒரு தள்ளுபலகை செய்தோம். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

முதல் நாள் நாங்கள் மூன்று பேரும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். கரடி உள்ளே இருந்தது. பலகையில் தேன் தடவியிருந்தோம். நக்கியபோது பலகை அசைந்து ஷட்டர் மேலே ஏறியது. அது துள்ளிப் பின்னால் போனது. கொஞ்ச நேரம் திறந்த கதவைப் பார்த்தது. வெளியே வரும் என்று நினைத்தோம். வரவில்லை. பலகைக்கே திரும்பிப் போய்த் தள்ளியது. ஷட்டர் இறங்கியது. உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிறகு மேலே ஏறியது. இறங்கியது. ஏறியது.

"மோட்டார் சூடாயிடும்" என்றேன் நான்.

"ஆவட்டும்க்கா" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்ததை மறைக்கவும் இல்லை.

கடைசியில் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது. முன்கால் இரண்டும் முற்றத்தில், பின்பாதி உள்ளறையில். தூறல் போட ஆரம்பித்தது. மூக்கில் மழை விழ விழ அது அங்கேயே இருந்தது. ஒளித்திரை அதைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஷட்டர் அசையவே இல்லை.

நடை அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாட்கள், காரணமே தெரியாமல், அதே தேய்ந்த பாதையில் சுற்றும். டாக்டர் அதற்கெனத் தனியாக நோட்டு வைத்திருக்கிறார். முன்பு மாதிரி நாள் முழுக்க இல்லை என்றார். புற்றின் பின்பக்கத்தையும் மூடி, மறுபடி ஓட விட்டோம்.

பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரும். குழந்தைகள் கத்தும், பெரியவர்கள் அதைவிடக் கத்துவார்கள். பதினோரு மணி வாக்கில் கரடி எழுந்து உள்ளே போய்க் கதவை இறக்கிக்கொள்ளும். சாயங்காலம் கூட்டம் கலைகிறவரை திறக்காது. டிக்கெட் வாங்கியவர்கள் அலுவலகத்தில் சண்டை போட்டார்கள். பூங்கா மேலாளர் என்னையும் முதலாளியையும் வரச் சொன்னார்.

"சண்டே மட்டும் டோர் ஓப்பன்லயே லாக் ஆகற மாதிரி ஒரு செட்டிங் போட்டுக் குடுங்க" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எழுத இரண்டு நிமிஷம் ஆகாது. கிழமையைப் பார், ஞாயிறு என்றால் பலகையைக் கண்டுகொள்ளாதே. அவ்வளவுதான். லேப்டாப் என் மடியிலேயே இருந்தது.

"இந்த பிஎல்சில அது முடியாதுங்க" என்றேன்.

வேலைக்கு வந்ததிலிருந்து வாடிக்கையாளரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. முதலாளி என் பக்கம் திரும்பினார். அதே பிஎல்சியில் நான் என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

"ஆமாங்க, முடியாது" என்றார். "மொத்த பேனலையும் மாத்தணும். அப்பவும் கேரண்டி கீரண்டி எல்லாம் சொல்ல முடியாது. அதுக்கு பதிலா ஒண்ணு பண்ணுங்க. கூண்டு முன்னாடி ஒரு போர்டு வைங்க, கரடி தானா கதவு தொறக்குது மூடுதுன்னு. ஜனங்க அதையும் வேடிக்கை பாப்பாங்க."

மேலாளர் யோசித்துவிட்டுப் போர்டுக்கு ஒத்துக்கொண்டார். திரும்பும் வழியில், எல்லையில் வண்டி நின்றபோது முதலாளி, "இன்னொரு தடவ இப்படி எனக்கு முன்னாடியே சொல்லாம பண்ணாத" என்றார். நான் சரி என்றேன்.

அதற்கடுத்த ஞாயிறு, சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் கணவரையும் மகளையும் அழைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். எல்லோரையும் போல வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினோம். கரடி இருக்கும் இடத்துக்குப் போகும்போது பன்னிரண்டு ஆகியிருந்தது. புது போர்டை ஒரு குடும்பம் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது. ஷட்டர் இறங்கியிருந்தது.

மகள் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"எப்பம்மா வரும்?"

"தெரியலடா. அது இஷ்டம்."

"நீதானே அந்த மெஷின் செஞ்ச? உனக்கே தெரியாதா?"

தெரியாது என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மான்களைப் பார்க்க அப்பாவோடு போய்விட்டாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கே இருந்தேன். வேலியோரம் போட்டிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து குறட்டையா மூச்சா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. கதவு திறக்கவே இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரடியைப் பார்க்காமலே வீடு திரும்பினோம்.